கிராம சபையில் ஐந்து நிமிடம் பேசி ஊரைச் சம்மதிக்க வைப்பது எப்படி

மைக் கையில் வந்ததும் நம்மில் பலருக்கு வாயில் தானாக வருவது "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பற்றாளர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பெரியோர்களே, தாய்மார்களே" என்கிற வரிசைதான். அது முடிவதற்குள் பின்னால் நிற்கிறவர்களில் பாதிப்பேர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் விஷயத்தை ஆரம்பிக்கும்போது "சீக்கிரம் முடிங்க, அடுத்தவங்க பேசணும்" என்று குரல் வரும். அதனால் முதல் வேலையாக, "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வாருங்கள். தலைவர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

பேச்சுத் திறமை என்றால் நமக்குப் பட்டிமன்றம்தான் ஞாபகம் வரும். அங்கே சிரித்து, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும், யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கிராம சபையில் நிலைமை வேறு: உங்கள் பேச்சைக் கேட்டுக் கையைத் தூக்க வேண்டும், தூக்கியபின் வீட்டுக்குப் போய் எதையாவது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இது ரொம்பக் கஷ்டமான சம்மதம். அதை வாங்குவதற்கான வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால் எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறேன்.

குடிநீர்க் குழாயில் மோட்டார். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், பள்ளமான தெருவில் இருப்பவர்கள் வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுகிறார்கள். கடைசியில், மேடான தெருவில் இருப்பவர்களுக்குக் குழாயில் காற்றுத்தான் வருகிறது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: மோட்டார்களைக் கழற்ற வேண்டும், தெருவுக்கு ஒரு கேட் வால்வு வைத்து முறைபோட்டுத் தண்ணீர் விட வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், அதிகாரியைத் திட்டினால் கூட்டம் மொத்தமும் தலையாட்டும். இங்கே மோட்டார் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் உங்களுக்குச் சித்தப்பா முறையாகக்கூட இருப்பார்.

இதற்கு நான் துணைக்குக் கூப்பிடப் போவது பேச்சுக்கலை பற்றி எழுதிய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலை. ஊர்க் குழாய்ப் பிரச்சினைக்கு அவர் எதற்கு என்று கேட்கலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஊர் விவகாரத்தைக் குடிமக்கள் கூடிக் கைதூக்கி முடிவுசெய்தார்கள். வழக்கு என்றால் நூற்றுக்கணக்கானவர்கள் நீதிபதிகளாக உட்கார, வழக்காடுபவர் தானே எழுந்து பேச வேண்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை, அது அந்தக் காலத்துக் குறை. ஆனால் சாதாரண ஆள் கூட்டத்தின் முன் நின்று பேசிச் சம்மதம் வாங்க வேண்டிய கட்டாயம் அங்கே நிஜமாக இருந்தது, அதனால்தான் அவர் எழுதியது இன்றைக்கும் கிராம சபைக்குப் பொருந்துகிறது. கேட்கிறவர் சம்மதிக்க மூன்று காரணங்கள் உண்டு என்றார்: பேசுகிற ஆளை நம்புவது, அது ஈத்தோஸ், கேட்கும்போது மனம் இளகுவதோ கொதிப்பதோ, அது பேத்தோஸ், சொல்கிற விஷயத்தில் நியாயம் இருப்பது, அது லோகோஸ். பேர்களை மறந்தாலும் பரவாயில்லை. நம்பிக்கை, உணர்ச்சி, நியாயம், இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் இந்த மூன்றில் எது பெரியது என்ற விவாதத்தைவிட எது முதலில் வர வேண்டும் என்பதுதான் கூட்டத்தில் வேலை செய்கிறது. ஆளை நம்பாத கூட்டத்திடம் கணக்குச் சொன்னால் "எவன் எழுதிக் கொடுத்தானோ" என்பார்கள். கணக்குச் சொல்லாமல் கண்ணீரை எடுத்தால் "நாடகம்" என்பார்கள். நம்பிக்கை வந்தபின் கணக்கு, கணக்குப் புரிந்தபின் கொஞ்சூண்டு உணர்ச்சி, அப்புறம் உடனே கோரிக்கை. ஐந்து நிமிடத்துக்கு இது போதும்.

யார் பேசுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

மேட்டுத் தெருக்காரர் எழுந்து "எங்களுக்குத் தண்ணி வரலை" என்றால் அது புகார். பள்ளத் தெருவில், தன் வீட்டு மோட்டாரைத் தானே கழற்றி வைத்துவிட்ட ஒருவர் எழுந்து அதையே சொன்னால் அது சாட்சி. சொல்லப்போனால் வார்த்தை ஒன்றுதான், ஆனால் கேட்கிற காது வேறு மாதிரி திறக்கும். அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அப்படி ஒருவரைத் தேடுங்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். அவரை முதல் இரண்டு நிமிடம் பேச வையுங்கள், மிச்சத்தை நீங்கள் பேசுங்கள். "நான்தானே இவ்வளவு அலைஞ்சேன், அவர் ஏன் முதல்ல பேசணும்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் வரும். அந்தக் குரலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அரிஸ்டாட்டில் இந்த நம்பிக்கையைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஊரில் ஏற்கெனவே உள்ள பெயரை நம்பிப் பேசாதே, பேசுகிற பேச்சுக்குள்ளேயே நம்பிக்கை பிறக்க வேண்டும் என்கிறார். வாத்தியார், ரிட்டயர்டு அதிகாரி, பழைய கவுன்சிலர் என்று பட்டத்தோடு வருகிறவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பேச்சுக்குள் நம்பிக்கை வருவது மூன்று விதத்தில் என்கிறார்: இவருக்கு விஷயம் தெரியும், இவர் நேர்மையாகப் பேசுகிறார், இவர் நம் நல்லதுக்குப் பேசுகிறார்.

விஷயம் தெரியும் என்பதைக் காட்ட ஒரே வழி, பார்த்ததைச் சொல்வது. "தண்ணீர்ப் பிரச்சினை கடுமையாக உள்ளது" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "காலைல ஆறு மணிக்கு ஆபரேட்டர் வால்வைத் திறக்குறாரு, ஆறேகாலுக்கு முதல் மூணு வீட்டுல மோட்டார் சத்தம் கேக்குது, ஏழு மணிக்குத் தொட்டி காலி" என்பதை அங்கே போய் நின்ற ஆள் மட்டும்தான் சொல்ல முடியும். இதைக் கேட்கிறவர்கள் அடுத்து நீங்கள் சொல்லும் கணக்கையும் நம்புவார்கள். தொட்டியைத் திறந்து விடுகிற ஆபரேட்டருடன் ஒரு காலைப்பொழுது நடந்துவிட்டு வாருங்கள், எந்தப் பேச்சுப் பயிற்சியும் தராத பலன் அதில் உண்டு.

நேர்மையைக் காட்டுவது இன்னும் எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை: எதிர்ப்பக்கத்தில் உள்ள உண்மையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "மோட்டார் போட்டவங்க யாரும் ஆசைக்குப் போடலை. குழாய்ல தண்ணி நூல் மாதிரி வந்துச்சு, பக்கத்து வீட்டுல போட்டாங்க, வேற வழியில்லாம நாமளும் போட்டோம்." இதைச் சொன்ன நிமிடத்தில், சண்டைக்கு ரெடியாக உட்கார்ந்திருந்தவர் நாற்காலியில் கொஞ்சம் சாய்வார். அவர் சொல்ல வைத்திருந்த பதிலை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

நல்லெண்ணம் என்பது "உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்" என்று வாயால் சொல்வதில் வராது. அவர்களுக்கு உண்மையிலேயே லாபமான ஒன்றை விஷயத்துக்குள் காட்ட வேண்டும். மோட்டார் கதையில் அப்படி ஒன்று இருக்கிறது: குழாயை மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைந்துபோகிறது, வழியில் எங்காவது விரிசல் இருந்தால் வெளியே இருக்கிற சாக்கடைத் தண்ணீரும் உள்ளே இழுக்கப்படும். அது முதலில் போய்ச் சேருவது உறிஞ்சுகிற வீட்டின் தொட்டிக்குத்தான். இதை மிரட்டலாகச் சொல்லாமல், மாமன் மச்சானிடம் திண்ணையில் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

கணக்கு: குடத்தில் சொல்லுங்கள்

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணை அப்படியே சபையில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 15 குடம். "வீட்டுக்குப் பதினஞ்சு குடம் வரணும், மேட்டுத் தெருவுக்கு மூணு குடம்தான் வருது" என்றால் சமையலறையில் நிற்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் பாதி நொடியில் புரியும். லிட்டரைக் குடமாக்குங்கள், ஏக்கரைக் குழியாக்குங்கள், கோடி ரூபாயை வீட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து, தண்ணீரே பற்றாக்குறையா, பங்கீடு சரியில்லையா என்ற கேள்வி. 120 வீடு, வீட்டுக்கு நாலு பேர், மொத்தம் 480 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 26,400 லிட்டர். ஊர்த் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும் என்றால், ஒருமுறை நிரம்பினாலே எல்லாருக்கும் போதும், மிச்சமும் இருக்கும். இந்த இடத்தில் நிறுத்துங்கள். "ஆகவே தண்ணீர் இருந்தும் பங்கீடு சரியில்லை என்பது நிரூபணமாகிறது" என்று நீங்கள் முடிக்க வேண்டாம். "அப்ப தண்ணி எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதிலைக் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். தானே கண்டுபிடித்த முடிவை மனிதன் விட்டுக்கொடுக்க மாட்டான், அடுத்தவன் திணித்த முடிவைச் சந்தேகிப்பான்.

அண்ணா இதில் கெட்டிக்காரர். இந்தியைப் பெரும்பான்மையினர் பேசுகிறார்கள், அதனால் அதுவே ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு, எண்ணிக்கைதான் கணக்கு என்றால் காகம்தானே தேசியப் பறவையாக இருக்க வேண்டும், ஏன் மயில் என்று கேட்டார். கேள்வியோடு விட்டுவிட்டார். மிச்சத்தைக் கேட்டவர்கள் அவரவர் மனதுக்குள் முடித்துக்கொண்டார்கள். அரசியலில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள்கூட அந்த மயிலை மறக்கவில்லை.

கணக்கைவிட வலுவானது கண்ணால் பார்ப்பது. கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: ஒருநாள் காலை எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லி, மேட்டுத் தெருக் கடைசி வீட்டில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். மறுநாள் மோட்டார் ஓடும்போதும் பாருங்கள். மோட்டார் வைத்திருப்பவர்களில் இரண்டு பேரைக் கூடவே நிற்க வையுங்கள், செல்போனில் நேரத்தை அவர்களே குறிக்கட்டும். ஆனால் இதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பாண்டியன் அவைக்குப் போய்வர வேண்டும்.

கண்ணகி எப்படி ஜெயித்தாள்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளாகப் படித்ததால் அதில் உள்ள வாதத் திறமையை நாம் கவனிப்பதே இல்லை. கண்ணகி பேசுவது மொத்தமே சில வரிகள். நீ யார் என்று அரசன் கேட்கிறான். புறாவுக்காகத் தன் உடம்பையே கொடுத்தவனும், கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார்தான் என் ஊர் என்கிறாள். ஊர்ப்பெருமை போலத் தெரியும். உண்மையில், அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலை அவன் மடியிலேயே போட்டுவிட்டாள். நீதிமான் என்ற பெயரை உயிராக நினைக்கிற ஒருவனிடம் அவனுக்குப் பிரியமான அளவுகோலையே எடுத்து நீட்டுவது எவ்வளவு கூர்மை. அப்புறம் தன் குடும்பத்தைச் சொல்கிறாள்: பெயர்பெற்ற வணிகன் மாசாத்துவானின் மகன், பிழைக்க வேண்டி உன் ஊருக்கு வந்தான், என் கால் சிலம்பை விற்கப் போனவன் உன்னால் கொலைப்பட்டான், அந்தக் கோவலன் மனைவி நான், என் பெயர் கண்ணகி. அவ்வளவுதான். ஒப்பாரி இல்லை. அவிழ்ந்த கூந்தலும் கையில் இருந்த ஒற்றைச் சிலம்பும் அழ வேண்டியதை அழுதுவிட்டன, வாய்க்கு வேறு வேலை இருந்தது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் சட்டம் பேசுகிறான். அந்தச் சட்டத்தோடு அவள் மோதவில்லை. திருடனைக் கொல்லலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் போயிருந்தால் அன்றைக்கெல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம், கோவலன் திருடனா என்ற கேள்வி காணாமல் போயிருக்கும். என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்புக்குள் இருப்பது முத்து என்கிறான் அரசன். கவனியுங்கள், இன்னும் எதையும் உடைக்கவில்லை. உள்ளே முத்து இருந்தால் அரசியுடையது, மாணிக்கம் இருந்தால் கண்ணகியுடையது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது, அதுவும் அரசன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். பிறகுதான் உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அதற்குமேல் அவள் வாதாட வேண்டிய அவசியமே இல்லை. நானா அரசன், நானே கள்வன் என்ற தீர்ப்பு அவன் வாயிலிருந்தே வந்தது.

நம் சோதனைக்கும் இதுதான் முறை. குடத்தைக் குழாயடியில் வைப்பதற்கு முன்னால் மோட்டார்காரரிடம் பேசி முடித்துவிடுங்கள்: "பெரியப்பா, மோட்டாரை நிறுத்தியும் மேல தண்ணி ஏறலைன்னா இந்தப் பேச்சை நான் விட்டுடறேன். ஏறிடுச்சுன்னா சபையில நீங்க எனக்கு ஆதரவாப் பேசணும், சரியா?" சோதனை முடிந்தபின் இதைக் கேட்டால் அவர் குழாய் பழசு, வால்வு சரியில்லை, அன்னிக்குக் கரண்ட் நல்லா இருந்தது என்று நூறு காரணம் சொல்வார். முன்னாலேயே ஒத்துக்கொண்டவர் அப்படிச் சொல்லக் கூச்சப்படுவார். ஒருவேளை மோட்டாரை நிறுத்தியும் ஏறவில்லை என்றால், பழுது வேறெங்கோ இருக்கிறது என்று சபைக்கு முன்னாலேயே தெரிந்தது உங்கள் அதிர்ஷ்டம், கோரிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்ணகி "ஆராயாத மன்னனே" என்றுதான் ஆரம்பிக்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் "விவரம் கெட்ட தலைவரே" என்று தொடங்கிவிடாதீர்கள். அவளுக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை. உங்களுக்கு நாளைக்கு அதே தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

உணர்ச்சி: கொஞ்சமாக, ஒரே ஆளைக் காட்டி

எந்த உணர்ச்சியை எழுப்பப் போகிறீர்கள், அது யார்மேல் பாயும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கோபத்தை எழுப்புவது சுலபம். "பகல் கொள்ளை அடிக்கிறார்கள்" என்றால் மேட்டுத் தெரு விசிலடிக்கும், பள்ளத் தெரு எழுந்து நிற்கும், போலீஸ் வரும், தீர்மானம் வராது. பேர்சொல்லி அவமானப்படுத்துவதும் அப்படித்தான். தான் மதிக்கிறவர்கள் முன்னால் தலைகுனிவதுதான் வெட்கத்திலேயே பெரிய வெட்கம். அதைக் கொடுத்துவிட்டால் அவர் நியாயம் தெரிந்தும் ஒத்துக்கொள்ள மாட்டார், வம்புக்கு இன்னொரு மோட்டார் வாங்குவார். சபையில் யார் பெயரும் வர வேண்டாம். "இத்தனை வீட்டில் மோட்டார் இருக்கிறது" என்ற எண்ணிக்கை போதும், யார் யார் என்று ஊருக்கே தெரியும்.

நமக்கு வேண்டியது இரக்கம். அது எப்போது வரும் என்றால், கஷ்டப்படுகிறவர் நம்மைப்போல, நமக்குப் பக்கத்து ஆளாகத் தெரியும்போது வரும். அதனால் "மக்கள் அவதிப்படுகிறார்கள்" என்பதைத் தூக்கிப் போடுங்கள். ஒரு ஆளை, ஒரு நேரத்தை, ஒரு பொருளைக் காட்டுங்கள். மேட்டுத் தெருவில் விடியற்காலை நாலரைக்கே குழாயடியில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள், குடம்தான் இடம் பிடிக்கும். யாருடைய குடம் என்று தெரிய ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பெயிண்டில் ஒரு எழுத்து. அதில் ஒரு குடம் பத்தாம் வகுப்புப் பிள்ளையுடையது. தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஏழே முக்கால் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிடிக்காத நாளில் முதல் பீரியட் போய்விடும். இவ்வளவு போதும். இதில் "ஐயகோ" சேர்க்க வேண்டாம், குரலைத் தழுதழுக்க வைக்க வேண்டாம். சாதாரணக் குரலில், கணக்குச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பெயரையும் சொல்லாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்பிள்ளை பேர் அடிபடுவதை எந்த வீட்டிலும் விரும்ப மாட்டார்கள்.

பள்ளத் தெருப் பெண்களைத்தான் மேட்டுத் தெருவுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிற ஊராக இருந்தால் உங்களுக்கு இன்னும் சுலபம். "அங்க குடம் தூக்கறது நம்ம வீட்டுப் பொண்ணுங்கதான்" என்ற ஒரு வாக்கியம் நாலு நிமிடப் பேச்சுக்குச் சமம்.

ஆனால் எல்லா ஊரிலும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஊரில் குழாயின் கடைசியில் இருப்பது காலனி. அங்கே தண்ணீர் வராததற்கு மேடு பள்ளம் மட்டும் காரணம் இல்லை. அந்த மாதிரி இடத்தில் ஊரின் இரக்கத்தைக் கேட்டு நிற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உரிமையைச் சலுகையாக மாற்றிவிடும் அது. அங்கே சோதனைக் கணக்கையும் படங்களையும் எழுத்தில் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், சபையில் தீர்மானமும் கேளுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

பேச்சு எப்படி இருக்கும்

மோட்டாரைக் கழற்றிய பள்ளத் தெருக்காரர் ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன். நீங்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்லயும் மோட்டார் இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியும். போன மாசம் கழட்டி வச்சுட்டேன். ஏன் போட்டேன்னா, தண்ணி நூல் மாதிரி வந்துச்சு, அதான் போட்டேன், தப்புன்னு அப்பத் தோணலை. ஏன் கழட்டுனேன்னா, அதுக்கு முந்தின வாரம் ஆபரேட்டரோட காலைல நடந்து பார்த்தேன். நம்ம தொட்டி முப்பதாயிரம் லிட்டர். ஊர்ல நானூத்தி எண்பது பேர். வீட்டுக்குப் பதினஞ்சு குடம் தாராளமா வரணும். நம்ம தெருவுல வருது. மேல மூணு குடம். மோட்டாரை எல்லாம் நிறுத்திட்டு ஒருநாள் பார்த்தோம், பெரியப்பாவும் கூட நின்னாரு, அவரே டைம் பார்த்தாரு. பெரியப்பா, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

இங்கே பெரியப்பா பேசுவார். அவர் பேசுவதுதான் இந்தப் பேச்சின் உச்சம், அதனால் குறுக்கே போகாதீர்கள், அவர் எண்ணைத் தப்பாகச் சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். அவர் முடித்ததும் குடம், பஸ் விஷயம், மூன்று வாக்கியம். உடனே கோரிக்கை: "மோட்டாரைக் கழட்ட ஒரு மாசம் டைம் கொடுப்போம். அதுக்குள்ள தெருவுக்கு ஒரு கேட் வால்வு வைக்கணும், அரைமணி நேரம் முறை வச்சு விடணும். ஒரு மாசம் கழிச்சு இருக்கற மோட்டாரை ஊராட்சி கழட்டட்டும். இதைத் தீர்மானமாப் போடணும்னு கேட்டுக்கறேன்." அந்த ஒரு மாத அவகாசம் ரொம்ப முக்கியம், மோட்டார்காரர் தோற்றுப்போன மாதிரி தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொள்ள அது ஒரு வழி.

கோரிக்கை சபையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். "தண்ணீர்ப் பஞ்சத்தை ஒழிக்க வேண்டும்" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், ஒன்றும் நடக்காது.

குறுக்கே பேசுகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். "இத்தனை நாள் எங்கய்யா போயிருந்த?" என்பதற்கு விளக்கம் சொல்லப் போனால் ஐந்து நிமிடமும் போய்விடும், "லேட்டுதான் அண்ணே, இப்பவாச்சும் பேசுவோம்" என்று சிரித்துக்கொண்டே தாண்டுங்கள். "இவன் அந்தக் கட்சி ஆளு" என்றால் மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், "குடத்தை நிரப்பிப் பார்த்தது பெரியப்பா, அவர்கிட்ட கேளுங்க" என்று பார்த்த சாட்சியைக் காட்டுங்கள். உங்கள்மேல் வீசப்படுவதை விஷயத்தின்மேல் திருப்புவதுதான் வேலை. ஆனால் ஒருவர் "மோட்டாரைக் கழட்டிட்டா மாடியில தொட்டிக்கு எப்படி ஏத்தறது?" என்று கேட்டால் அது குறுக்கீடு இல்லை, நியாயமான கேள்வி. தரையில் ஒரு தொட்டியோ டிரம்மோ வைத்துக் குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து, அதிலிருந்து மாடிக்கு மோட்டார் போட்டுக்கொள்ளலாம், அதை யாரும் தடுக்கவில்லை என்று பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பத்துப் பேர் மனதில் இருந்த கேள்வியை அவர் கேட்டிருப்பார்.

நாளும் ஆளும்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கூட்டப் பொருளிலேயே தண்ணீர் இருக்கும், குடிநீர் விஷயத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. பங்குனி வெயிலும் கை கொடுக்கும். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் தண்ணீரைப் பற்றி யார் காது கொடுப்பார்கள்?

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்கிற விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. உங்கள் தெருப் பெண்களைக் கூட்டி வாருங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். தண்ணீர் பற்றி ஆண்கள் மட்டும் பேசிக்கொள்கிற சபையில் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோரிக்கையை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைவரையும் பார்த்து என்ன பேசப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சபையில் அவரைத் திகைக்க வைத்தால் கைதட்டல் கிடைக்கும், ஆதரவு கிடைக்காது. முடிந்தால் அவர் சொன்ன ஒரு யோசனையைக் கோரிக்கையில் சேர்த்துக்கொண்டு, "தலைவர் சொன்னபடி" என்று சபையில் சொல்லுங்கள்.

கை தூக்கியதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். செயலர் தீர்மானத்தை எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "குடிநீர் விநியோகத்தைச் சீர்செய்வது குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் அது ஒன்றுக்கும் ஆகாது. மோட்டார், ஒரு மாதம், கேட் வால்வு, அரைமணி முறை, இந்த நாலும் அதில் இருக்க வேண்டும், கெடு முடியும் தேதியும் இருக்க வேண்டும். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். கெடு முடிகிற அன்று காலை ஆறு மணிக்கு ஆபரேட்டருடன் யார் யார் தெருவில் நடந்து பார்ப்பது என்பதையும், அதில் பள்ளத் தெருக்காரர் ஒருவராவது இருக்கும்படி, அங்கேயே பேசி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.